ஐந்தாம் மாடிக்குக் கூடுதல் பொறுப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக எதையாவது கண்டுபிடித்தது என்றால் அது 'கூடுதல் பொறுப்பு'தான். ஓர் ஆளை ஒரே சமயத்தில் இரண்டு நாற்காலிகளில் உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காற்றைக் குடித்துத் தவம் செய்தவர்களுக்கே கைகூடாத இந்த வித்தையை, மழைநீர் வடிகால் துறை அரைப்பக்க ஆணை ஒன்றில் சாதித்துக் காட்டியது. இதை எழுதிவைக்காவிட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது. எழுதிவைத்தாலும் மன்னிக்காது என்பது வேறு விஷயம்.

அந்தத் துறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. தெருவோரம் வடிகால் தோண்டி, அதற்கு மூடி போடுவது அதன் வேலை. தோண்டுவதற்குச் சாலைத் துறையின் அனுமதி வேண்டும். சாலைத் துறையோ, தோண்டிய பிறகு சாலை எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தான் அனுமதி தருவதாகச் சொல்லிவிட்டது. மூடிக்கு அப்படி எந்த அனுமதியும் தேவையில்லை. நடக்காத வேலைக்காக நடக்கிற வேலையை நிறுத்துவது நல்ல நிர்வாகத்துக்கு அழகல்ல. ஆகவே துறை மூடி வாங்கியது.

நல்ல மூடிகள். பெரிய தட்டு அளவில், பச்சை நிறத்தில், நடுவில் துறையின் முத்திரை பொறித்த ஃபைபர் மூடிகள். ஒரு கையால் தூக்கிவிடலாம். தெருத் தெருவாக வெறும் மண்ணின் மேல் வரிசையாகப் பதித்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் கீழே ஒரு வடிகால் ஓடுவதாகத்தான் தோன்றும். வெயில் காலம் முழுவதும் அந்த வடிகாலைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. மூடிக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்தது. மூடி வாங்குவது தீரவில்லை. ஒதுக்கீட்டைப் போல இன்னொரு மடங்கு செலவாகி, அதற்கு மேலும் ஆர்டர் போய்க்கொண்டிருந்தது.

இதை யாரோ மறைத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இயக்குநருக்குத் தெரியும், தட்டச்சருக்குத் தெரியும், கதவோரம் சாய்ந்து நிற்கும் காவலாளிக்கும் தெரியும். மூன்றாம் மாடியில் விஷயம் தெரியாத ஜீவன்கள் என்றால் இயக்குநர் அறையின் தொட்டியில் நீந்திய மீன்கள் மட்டும்தான். அவற்றுக்கும் யாரும் சொல்லவில்லையே தவிர, மறைக்கவில்லை.

இந்த மாதிரி சமயத்துக்கென்றே ஒரு சட்டம் உண்டு. ஒதுக்கியதற்கு மேல் ஒரு துறை செலவழித்தால், அந்தத் துறையின் கணக்கரே ஐந்தாம் மாடியில் இருக்கும் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுத வேண்டும். ஆணையம் அதை ஏற்றுக்கொண்டால் மூடி வாங்குவது அன்றைக்கே நிற்கும். துறையிடம் மிச்சமிருக்கும் பணம், சாலைத் துறையைக் கேட்காமலே, தோண்டப் போகும். அருமையான சட்டம். எடுத்துப் பழகினால் தேய்ந்துவிடும் என்று இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

கணக்கரும் தொட்டிருக்க மாட்டார். அவர் வீரர் இல்லை. காலையில் வருவார், கூட்டுவார், கழிப்பார், சாயங்காலம் போவார். ஆனால் அவர் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியில். கீழே அக்காவின் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைதான் அவள் பிழைப்பு. போன மழைக்குத் தண்ணீர் முழங்கால் மட்டும் உள்ளே வந்து, தைத்து அடுக்கிய சட்டைகளை எல்லாம் சாக்கடை நிறத்துக்கு மாற்றிவிட்டுப் போனது. அத்தனையையும் தன் கைக்காசில் துணி வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தாள். இன்னொரு மழைக்குத் தாங்காது என்று அவளுக்கும் தெரியும், மாடியில் இருக்கும் தம்பிக்கும் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா மூடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"டேய் தம்பி, இங்க வா. இதக் கொஞ்சம் பாரு."

"என்னக்கா?"

"மூடி இருக்கு. சட்டி எங்க?"

கணக்கர் குனிந்து பார்த்தார். மண். ஒரு மண்புழு.

"வேல நடந்துக்கிட்டு இருக்குக்கா."

"யாரு, இந்தப் புழுவா பண்ணிக்கிட்டு இருக்கு?"

கணக்கர் மூடியைப் பழையபடி மண்ணில் பதித்தார்.

"மழைக்குள்ள தோண்டுவாங்களா, மாட்டாங்களா? சுத்தி வளைக்காத. மாட்டாங்கன்னா இப்பவே சொல்லு. மெஷினத் தூக்கி உன் வீட்டுல வச்சுட்டு, நீ கீழ வந்து படுத்துக்கோ. உனக்கு நீச்சல் தெரியும்ல?"

அவருக்கு நீச்சல் தெரியாது. மறுநாளே அறிக்கையை எழுதிவிட்டார்.

அறிக்கையை மேலே கொண்டுபோனவர் கடைநிலை ஊழியர். கட்டடத்தின் லிஃப்ட் செத்துப் பல காலமாகி, தபால்களை எல்லாம் அவரே ஏறி இறங்கிச் சுமந்ததால், அவரைப் 'படிக்கட்டு' என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு வாரத்தில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கணக்கர் மேஜை இழுப்பறையைப் பூட்டி, சாவியைப் பக்கத்து மேஜையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வருவோம் என்று அவருக்கு நம்பிக்கையில்லை.

"உக்காருங்க."

"பரவாயில்ல சார். சட்டப்படி நான்..."

"சட்டப்படிதான். யார் இல்லன்னா? நேர்மையான ஆள் ஒருத்தர் நம்மகிட்ட இருக்கார்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. இத்தன வருஷமா உங்கள வீணடிச்சுட்டேன்." இயக்குநர் மீன்களுக்குத் தீனி தூவினார். "மேல கண்காணிப்பு அலுவலர் ஓய்வு பெத்ததுல இருந்து நாற்காலி காலியா கிடக்கு. விஷயம் தெரிஞ்ச ஆளா ஒருத்தர அனுப்புங்கன்னு ஆணையர் கேட்டுக்கிட்டே இருக்கார். உங்க பேரக் குடுத்துட்டேன்."

"அப்ப இங்க சார்?"

"இங்கயும் நீங்கதான். உங்கள விட்டுக் குடுத்துருவேனா? காலையில கீழ, மத்தியானம் மேல. கூடுதல் பொறுப்பு. தனிப் படி உண்டு."

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள். பாலையே கூப்பிட்டு, 'நீயே பூனையாகவும் இருந்துகொள், படி தருகிறோம்' என்று சொன்ன பெருந்தன்மையை அன்றுதான் அந்தக் கட்டடம் கண்டது. கணக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆணையர் கையெழுத்திட்ட ஆணை கையில் இருக்க, படியேறும்போதே மனத்துக்குள் கூட்டிக் கழித்துவிட்டார்: நான் அனுப்பிய அறிக்கை, நானே ஏற்கப்போகிறேன், மழைக்கு முன்னால் தெரு தோண்டியாயிற்று.

ஐந்தாம் மாடியில் அவருக்குத் தனி அறை. சுழலும் நாற்காலி, ஜன்னலுக்குத் திரை, லாரி மாதிரி உறுமினாலும் குளிர்ந்த காற்றே தரும் ஏசி, அழுத்தினால் ஆள் வரும் மணி. மேஜை மேல் ஒரே ஒரு தபால். பிரித்தார். தன் கையெழுத்து. நன்றாகவே எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது.

'ஏற்கப்பட்டது' என்று எழுதப் பேனாவைத் திறந்தவர் விதிப் புத்தகத்தையும் திறந்தார். அங்கேதான் பிசகியது. எந்த அறிக்கையையும் ஏற்பதற்கு முன், சம்பந்தப்பட்ட துறையின் விளக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்று அதில் இருந்தது. கணக்கர் விதியை மீறாதவர். அதனால்தானே அறிக்கையே எழுதினார். 'விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று மூன்றாம் மாடிக் கணக்கருக்கு ஒரு கடிதம் எழுதி மணியை அழுத்தினார்.

படிக்கட்டு முகவரியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"சார், இது உங்களுக்குத்தான்."

"மூணாம் மாடிக்கு."

"காலையில நீங்களே கீழதான இருப்பீங்க. சட்டப் பையில வச்சுக்கிட்டீங்கன்னா எனக்கு ஒரு நடை மிச்சம். முட்டி வலி சார்."

"தபால்னா போயித்தான் வரணும். முட்டி உங்க சொந்த விஷயம்."

மறுநாள் காலை மூன்றாம் மாடியில் அந்தக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இயக்குநர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். மூடி என்பது நிலையான சொத்து. தங்கம் வாங்கியவன் செலவாளியா, சேமிப்பாளியா? எனவே துறை அதிகமாகச் செலவழிக்கவில்லை, அதிகமாகச் சேமித்திருக்கிறது. கீழே கணக்கர் கையெழுத்துக்கு இடம்.

"சார், அறிக்கையே நான் எழுதினது. அது தப்புன்னு நானே எப்படி..."

"அறிக்கை எழுதினது ஒரு தனி மனுஷன். பதில் சொல்றது துறை. எது பெரிசு?"

"துறைதான் சார்."

"அவ்வளவுதான். பிடிக்கலன்னா மத்தியானம் மேல போய் நிராகரிச்சுருங்க. நான் குறுக்க வந்தேனா? முழுச் சுதந்திரம் உங்களுக்கு."

எவ்வளவு பெரிய மனசு. கணக்கர் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் மேலே அதைப் படித்தபோது அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தங்கமாம். ஏசியைக் கூட்டிவைத்துக்கொண்டு எழுதினார்: 'இவ்விளக்கம் பொறுப்பற்றது. இதில் கையொப்பமிட்டவரின் கணக்கறிவு ஐயத்துக்குரியது.'

அதைக் கீழே கொண்டுவந்த படிக்கட்டு, மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க சார். மேல இருக்கறவரு உங்களப் பத்தி ஒரு மாதிரி எழுதியிருக்காரு."

"என்னன்னு?"

"உங்களுக்குக் கணக்குத் தெரியாதாம்."

வாங்கிப் படித்தார். சுருக்கென்றது. இத்தனை வருடம் ஒரு கூட்டல் தப்பியதில்லை. அன்று இயக்குநர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 'குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்போருக்குக் களநிலவரம் புரிய வாய்ப்பில்லை' என்று அவராகவே ஆரம்பித்து, ஒரு பக்கத்தை நிரப்பினார். சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடிக்காரர்கள் மேலே இருப்பவர்களைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசியபோது, "மேல உக்காந்துட்டா யாருக்குமே கீழ இருக்கறது தெரியாதுப்பா" என்று பெருமூச்சு விட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கை கழுவிவிட்டு மேலே போனார்.

கடிதங்கள் நடந்தன. நினைவூட்டுக் கடிதம், நினைவூட்டுக்கு நினைவூட்டு, 'தங்கள் தொனி வருந்தத்தக்கது', 'தொனி குறித்த தங்கள் கருத்து மேலும் வருந்தத்தக்கது'. கண்காணிப்பு இவ்வளவு உயிர்த்துடிப்போடு நடந்ததை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. அந்த இடைவெளியில் துறை மேலும் இரண்டு லாரி மூடி இறக்கியது.

கடைசியில் படிக்கட்டுதான் வாய்விட்டார். "சார், நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ நேர்ல பேசிட்டா தேவல."

கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ. ஆனால் விதிப் புத்தகத்தில் அதற்கும் இடமிருந்தது. கருத்து வேறுபாடு நீடித்தால் இரு தரப்பும் பொது இடத்தில் கூடிப் பேச வேண்டும். மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் பொதுவான இடம் நாலாம் மாடி. அங்கே உடைந்த பீரோக்களுக்கு நடுவே மேஜை போட்டு, எதிரெதிராக இரண்டு நாற்காலி வைத்து, இரண்டு டீ வரவழைத்தார்கள். சாட்சிக்குப் படிக்கட்டு.

கணக்கர் முதலில் இந்தப் பக்கம் உட்கார்ந்து துறையின் நிலையை எடுத்துரைத்தார். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய் மறுத்தார். துறைக்கு வந்த டீயில் சர்க்கரை குறைவு. ஆணையத்தின் டீ நன்றாயிருந்தது. அதை இந்தப் பக்கம் வந்து குறிப்பிட்டார்.

"இப்படித்தான் எப்பவுமே," என்றார் கசப்போடு.

"சார், நான் வேணா சர்க்கரை வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். பதிவு பண்ணுங்க."

கூட்டக் குறிப்பு இப்படி முடிந்தது: 'இரு தரப்பினரும் முழுமையாகக் கலந்துகொண்டனர். உடன்பாடு எட்டப்படவில்லை.'

வானம் கறுக்க ஆரம்பித்தது. அக்கா ஒரு நாள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"எழுதினியே, அது எங்க இருக்கு?"

"மேல போயிருக்குக்கா."

"மேல யாரு?"

"நான்தான்."

"அவன் என்ன பண்ணணும்?"

"கீழ இருந்து சரியான பதில் வந்தா ஏத்துக்குவாரு."

"கீழ யாரு?"

"... நான்தான்."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"பாக்கெட்டுக்கு மூணு பக்கம்தான்டா தையல் போடணும். நாலு பக்கமும் தைச்சா அது பாக்கெட்டு இல்ல, ஒட்டு. பாக்க ஒரே மாதிரி இருக்கும். கை விட்டாத்தான் தெரியும்." மறுபடி ஊசியை எடுத்தாள். "ரெண்டு பேரா ஆயிட்ட. ரெண்டுல ஒருத்தனாவது வேலைக்கு ஆவான்னு பார்த்தேன்."

அது உறைத்தது. மறுநாள் மத்தியானம் கணக்கர் விதிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. 'மிகைச்செலவு நிரூபணமாகிறது. மூடி கொள்முதல் உடனே நிறுத்தப்பட வேண்டும்' என்று எழுதி, தானே எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்குப் போனார்.

ஆணையர் அப்பழுக்கற்றவர். தன் நடுநிலை கெட்டுவிடக் கூடாது என்று எதையும் படிக்க மாட்டார். கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

"அறிக்கை எழுதினது யாரு?"

"நான் சார்."

"அதுக்குப் பதில் சொன்னது?"

"நான்தான் சார்."

"விசாரிச்சது?"

கணக்கர் கால் மாற்றி நின்றார்.

"மூணும் ஒரே ஆளா? எந்த ஊர் நியாயம் இது?"

"ஆணை போட்டதே நீங்கதான சார்."

"போட்டது நான். ஏத்துக்கிட்டது யாரு?"

நீதியின் இந்த ஆழத்தை அதுவரை கணக்கர் எட்டிப் பார்த்ததில்லை. அறிக்கை செல்லாது என்று தள்ளுபடியானது. ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்திருக்கிறது. அதை வெறுங்கையோடு மூடினால் ஆணையத்துக்குக் கௌரவமா? ஆணையர் துறையின் செலவுகளைத் தேடச் சொன்னார். தேடினார்கள். எந்த ஒதுக்கீட்டிலும் இல்லாமல் ஒரு தொகை மாதாமாதம் போயிருந்தது. கணக்கரின் கூடுதல் பொறுப்புப் படி.

அந்த ஆண்டு அத்துறையில் நிரூபிக்கப்பட்ட மிகைச்செலவு அது ஒன்றுதான். அதைச் சட்டப்படி கணக்கர் மேலே அறிக்கை செய்ய வேண்டும். மாற்று ஆள் வராததால் மேலேயும் அவர்தான். காலையில் எழுதினார், மத்தியானம் ஏற்றார். இந்த முறை துறையிடம் கேட்ட விளக்கத்துக்கு இயக்குநர் உடனே, 'முழுவதும் ஒப்புக்கொள்கிறோம்' என்று ஒரே வரியில் பதில் தந்தார். வரலாற்றில் ஆணையம் ஏற்றுக்கொண்ட முதல் அறிக்கை. பணம் கணக்கர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. திரும்பி வந்த பணம் சும்மா கிடக்கக் கூடாது என்று துறை அதில் மூடி வாங்கியது.

பிறகு மழை வந்தது.

மூடிகள் தங்கள் தரத்தை அன்று நிரூபித்தன. ஒன்றுகூட உடையவில்லை. எல்லாமே மிதந்தன. தெருவெல்லாம் பச்சைப் பசேலென்று, முத்திரை மேல்நோக்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஊர்வலம் போயின. மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்த இயக்குநர், துறை இவ்வளவு தூரம் மக்களைச் சென்றடைந்ததில்லை என்று சொன்னதாகக் கேள்வி.

அடுத்த நாள் நண்பகல். கணக்கர் கீழ் வேலையை முடித்து மேல் வேலைக்கு ஏறிக்கொண்டிருந்தார். நாலாம் மாடித் திருப்பத்தில் பின்னால் யாரோ மூச்சிரைக்கும் சத்தம். அக்கா. இடுப்பு வரை சேறு. கக்கத்தில் ஒரு மூடி.

"மெஷின் போச்சு," என்றாள். "துணியும் போச்சு. ராத்திரி உன் கதவத் தட்டத் தட்ட நீ எழுந்திரிக்கல."

"மழைச் சத்தத்துல கேக்கலக்கா."

"மேல இருந்தா கேக்காது."

பின்னாலேயே ஏறி வந்த படிக்கட்டு, தபால் கட்டோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"இது வாசல்ல வந்து நின்னுச்சு. உங்க சாமான். யார்கிட்ட குடுக்கணும்? உன்கிட்டயா, அவன்கிட்டயா?"

கணக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

"கீழ குடுத்து ரசீது வாங்கிக்கக்கா. மேல ஒரு மனு எழுதிக் குடுத்தீன்னா... நான் விளக்கம் கேக்கறேன்."

அக்கா மூடியைப் புரட்டி, அதிலிருந்த சேற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அதைத் தூக்கித் தம்பியின் தலைமேல் வைத்து, நேராக இருக்கிறதா என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"இதுக்குக் கீழயும் ஒண்ணும் இல்ல," என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஆண்டு துறை வாங்கிய மூடிகளில் உரிய இடத்தில் போடப்பட்டது அது ஒன்றுதான்.